அடைபட்ட மந்திரி: கறுப்புக் காய்களுக்கு ஓர் உறுதியான தற்காப்பு



லேடாங் மலையடிவாரத்தில், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் நகரில், நாங்கள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அவர்களில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் அண்மையில் ஒரு போட்டிக்குச் சென்று வந்தான். ஆறு ஆட்டங்கள் ஆடினான். வெள்ளைக் காய் கிடைத்த மூன்றில் இரண்டை வென்றான். கறுப்புக் காய் கிடைத்த மூன்றிலும் தோற்றான். மறு வாரம் வகுப்புக்கு வந்தவன் பலகையருகே உட்காரவில்லை. கதவோரமாகவே நின்றுகொண்டு, "கறுப்பு கிடைச்சாலே தோல்விதான் ஐயா. இனி நான் போட்டிக்கு வரல" என்றான்.

அவன் நகர்த்தல்களை எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தோம். மூன்று தோல்விக்கும் முகம் ஒன்றுதான். பத்தாவது நகர்த்தலுக்குள் அவனுடைய ராணி தனியாக வெளியே அலைந்துகொண்டிருந்தது. ராஜா நடுப் பலகையிலேயே நின்றது. மந்திரிகளும் ஒரு குதிரையும் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. ஏன் இப்படி ஆடினாய் என்று கேட்டோம். "வெள்ளை முதல்ல நகர்த்திட்டான் இல்லையா? நாம வேகமாப் போய்ப் பிடிக்கணும்ல?" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை உண்டு. முதல் நகர்த்தல் வெள்ளைக்கு உரியது. அதனால் வெள்ளைக்குச் சற்றே அனுகூலம் இருக்கத்தான் செய்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மோதிய ஆட்டங்களைத் திரட்டி, சமநிலையை அரைப் புள்ளியாக வைத்துக் கணக்கிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 54 அல்லது 55 புள்ளி வெள்ளைக்குச் சேர்கிறது. மிச்சம் 45 கறுப்புக்கு வருகிறது. பையன் நினைத்த அளவுக்கு இது மோசமான கணக்கில்லை.

அவனுக்கு இன்னொன்றையும் நினைவூட்டினோம். சென்னையைச் சேர்ந்த இருவர், உலகப் பட்டத்துக்கான போட்டியின் கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு ஆடி வென்றிருக்கிறார்கள். ஒருவர் குகேஷ். நம் ஜோகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலேயே, 2024 டிசம்பர் 12ஆம் தேதி, சீனாவின் டிங் லிரெனை 14ஆவது ஆட்டத்தில் வென்று, 18 வயதில் உலக வெற்றியாளரானார். மற்றவர் விசுவநாதன் ஆனந்த். 2010ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி, பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில், அந்நாட்டு வீரர் டோபலோவைக் கடைசி ஆட்டத்தில் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். இன்று நாம் எடுத்துக்கொள்வது ஆனந்தின் ஆட்டம். அவர் அன்று பயன்படுத்திய தற்காப்பு பழமையானது, உறுதியானது, பிள்ளைகளும் காரணம் அறிந்து ஆடக்கூடியது.

வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஆடுபவரின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை எட்டு வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று பெயர். அவர் பக்கத்திலிருந்து மேல்நோக்கி 1 முதல் 8 வரை எண்கள். மூலையில் நிற்பதைச் சிலர் கோட்டை என்பர். நாம் இங்கே யானை என்றே சொல்வோம். ராஜாவும் யானையும் இடம் மாறிக்கொள்வதைக் கோட்டை கட்டுதல் என்போம்.

வெள்ளை ராணியின் முன்னுள்ள சிப்பாய் டி-4க்கு வருகிறது. கறுப்பும் டி-5 என்று எதிரே நிறுத்துகிறது. வெள்ளை சி-4 என்று இன்னொரு சிப்பாயை நீட்டி, வேண்டுமானால் வெட்டிக்கொள் என்கிறது. இதற்கு குவீன்ஸ் காம்பிட் என்று பெயர். அந்தச் சிப்பாயை வெட்டினால் அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது கடினம். நடு இடமும் கைவிட்டுப் போகும். ஆகவே நாம் அதைத் தொடாமல், ஈ-6 என்று ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி டி-5க்கு முட்டுக்கொடுக்கிறோம். வெள்ளையின் குதிரைகள் எஃப்-3, சி-3 என்று வருகின்றன. நம் குதிரை எஃப்-6க்கும் மந்திரி ஈ-7க்கும் வருகின்றன. வெள்ளை மந்திரி ஜி-5க்கு வந்து குதிரையை அழுத்துகிறது. எச்-6 என்று சிப்பாயால் அதைக் கேட்கிறோம். அது எச்-4க்குப் பின்வாங்குகிறது. இந்தச் சிறு நகர்த்தலை வீண் என்று எண்ண வேண்டாம். எச்-7இலேயே சிப்பாய் நின்றால், பின்னாளில் வெள்ளை ராணியும் மந்திரியும் ஒரே கோட்டில் நின்று அதைக் குறிவைக்கும். பிறகு நாம் கோட்டை கட்டுகிறோம். வெள்ளை ஈ-3 என்று நகர்த்துகிறது.

ஆளுக்கு ஏழு நகர்த்தல்கூட ஆகவில்லை. அதற்குள் நம் ராஜா பத்திரமாகிவிட்டது. நடுவில் டி-5 சிப்பாய் அசையாமல் நிற்கிறது. பையனின் மூன்று ஆட்டங்களிலும் இல்லாதது இதுதான்.

ஆனால் எதையும் இலவசமாகப் பெற முடியாதே! ஈ-6 என்று சிப்பாயை நகர்த்தினோம் அல்லவா, அதனால் ஒருவர் சிறைப்பட்டுவிட்டார். சி-8இல் நிற்கும் மந்திரியைப் பாருங்கள். மந்திரி குறுக்காகத்தான் செல்லும். அதன் ஒரு வழியை நம்முடைய ஈ-6 சிப்பாயே அடைத்துக்கொண்டிருக்கிறது. மறு வழியில் பி-7 சிப்பாய் நிற்கிறது. இந்தத் தற்காப்பைப் புரிந்துகொள்வது என்றால், இந்த ஒரு மந்திரியின் கதையைப் புரிந்துகொள்வதுதான். எப்போது, எந்த வாசல் வழியாக அது வெளியே வரப்போகிறது? நகர்த்தல்களை மனப்பாடம் செய்த பிள்ளைகள் எதிராளி புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடியதும் திகைத்துப்போவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். மந்திரியின் வாசல் எது என்று தெரிந்த பிள்ளை திகைப்பதில்லை.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. உறுதியான தற்காப்பு என்றால் அடிவாங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பது என்று எண்ணுவோர் உண்டு. இதே அமைப்பில், வெள்ளைக் குதிரை எஃப்-3க்கு வருவதற்கும் நாம் மந்திரியை ஈ-7இல் வைப்பதற்கும் முன்பே, நம் இரண்டாவது குதிரையை டி-7க்குக் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மந்திரி ஜி-5இல் நிற்கிறது. வெள்ளை சி-4 சிப்பாயால் டி-5ஐ வெட்டுகிறது. நாம் ஈ-6 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறோம். இப்போது எதிராளிக்கு ஓர் ஆசை பிறக்கும். 'எஃப்-6இல் உள்ள குதிரை நகர்ந்தால் பின்னால் ராணி போய்விடும். ஆகவே டி-5 சிப்பாய்க்குக் காவல் இல்லை' என்று எண்ணி, குதிரையால் அதை வெட்டுவார். நாம் தயங்காமல் குதிரையால் குதிரையை வெட்ட வேண்டும். அவர் மகிழ்ச்சியோடு நம் ராணியை வெட்டுவார். நாம் எஃப்-8 மந்திரியை பி-4க்குக் கொண்டுபோய் செக் சொல்கிறோம். அவருக்கு வேறு வழியில்லை. ராணியைக் குறுக்கே போட்டே ஆக வேண்டும். ராணியை மந்திரி வெட்ட, மந்திரியை ராஜா வெட்ட, நம் ராஜா டி-8இல் நிற்கும் மந்திரியை வெட்டிவிடும். கணக்குப் பார்த்தால், ஒரு சிப்பாய்க்கு ஈடாக ஒரு முழுக் குதிரை நமக்கு இலாபம். இதற்கு யானைப் பொறி என்று பெயர். எங்கள் வகுப்பில் இதைக் காட்டிய அன்று பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மீண்டும் நம் வழிக்கு வருவோம். வெள்ளை ஈ-3 ஆடியதும், கறுப்பின் ஏழாவது நகர்த்தலாக எஃப்-6 குதிரை ஈ-4க்குப் பாய்கிறது. இதுதான் லாஸ்கர் தற்காப்பு. 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் உலகப் பட்டத்தை வைத்திருந்த எமானுவேல் லாஸ்கரின் பெயரால் இது வழங்குகிறது. 1907இல் அமெரிக்கர் மார்ஷலோடு ஆடிய பட்டப் போட்டியிலும் அவர் இந்தக் கருத்தைப் பயன்படுத்தினார்.

குதிரை இப்படி எதிரியின் நடுவே போய் நிற்பதன் காரணம் என்ன? தீபாவளிக்கு உறவினர் எல்லாரும் வந்து இறங்கிய அந்தக் காலத்துத் தோட்டத்து லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். கால் நீட்ட இடமிராது. நான்கு பேர் விடைபெற்றுப் போனதும் அதே வீடு விசாலமாகிவிடும். சுவரை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஆள் குறைந்தால் போதும். சதுரங்கத்திலும், இடம் குறுகிய பக்கத்துக்குக் காய் மாற்றம் நன்மை செய்யும். நம் குதிரை ஈ-4க்கு வந்ததும் ஈ-7 மந்திரியும் எச்-4 மந்திரியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கின்றன. மந்திரிக்கு மந்திரி போகிறது. சற்றுப் பொறுத்துக் குதிரைக்குக் குதிரை போகிறது. வெள்ளை உடனே குதிரையால் ஈ-4இல் வெட்டினால், நம் டி-5 சிப்பாய் திருப்பி வெட்டி, எஃப்-3இல் உள்ள குதிரையையும் மிரட்டும்.

இனி சோபியாவுக்குப் போவோம். ஆனந்த் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு கதை. ஐஸ்லாந்தில் எரிமலை குமுறி, ஐரோப்பாவின் வான்வழிகள் மூடப்பட்டிருந்த நேரம் அது. ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் அகப்பட்டுக்கொண்டவர், ஏறத்தாழ 40 மணி நேரம் தரைவழியாகப் பயணம் செய்து போனார். போட்டி ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவதிலும் நான்காவதிலும் வென்றார். எட்டாவதில் மீண்டும் தோற்றார். பதினோரு ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி. கடைசி ஆட்டத்தில் வெள்ளை டோபலோவுக்கு. இதுவும் சமநிலையில் முடிந்தால் விரைவு ஆட்டங்களில் முடிவு காண வேண்டிவரும். வேக ஆட்டத்தில் ஆனந்த் கைதேர்ந்தவர். ஆகவே டோபலோவ் இந்த ஆட்டத்திலேயே முடித்துவிடத் துடித்தார். அப்படிப்பட்ட எதிராளியின் முன்னே ஆனந்த் எடுத்து வைத்தது இந்தப் பழைய லாஸ்கர் தற்காப்பை.

நாம் சொன்ன வரிசையிலேயே ஆட்டம் வந்தது. ஈ-7இல் மந்திரிகள் மாறின. கறுப்பு ராணி அங்கே வந்தது. வெள்ளை யானை சி-1க்கு வர, கறுப்பு சி-6 என்று தாங்கியது. சி-3இல் குதிரைகள் மாறின. பதினோராவது நகர்த்தலில் கறுப்பு சி-4 சிப்பாயை வெட்ட, வெள்ளை மந்திரி திருப்பி வெட்டியது. கறுப்புக் குதிரை டி-7க்கு வந்தது. இப்போது வீட்டில் இடம் உண்டாகிவிட்டது. நம் மந்திரி மட்டும் இன்னும் சி-8இல்தான்.

அடுத்த இரண்டு கறுப்பு நகர்த்தல்களைக் கவனியுங்கள். பி-6, பிறகு சி-5. முதலாவது மந்திரிக்கு பி-7 என்ற வாசலைத் திறக்கிறது. இரண்டாவது சி-6இலிருந்து சிப்பாயை அகற்றி, ஏ-8 மூலையிலிருந்து எச்-1 மூலை வரை ஓடும் நீண்ட குறுக்குக்கோட்டைத் துப்புரவு செய்கிறது. டி-5இல் இருந்த நம் சிப்பாயும் முன்பே போய்விட்டது. மந்திரியைத் தொடாமலே மந்திரிக்குச் சாலை போட்டாயிற்று! பதினெட்டாவது நகர்த்தலுக்குள் இன்னொரு காய் மாற்றமும் நடந்து, வெள்ளையிடம் ஒரு குதிரையும் கறுப்பிடம் அந்த ஒரு மந்திரியும் மிஞ்சின. இருபுறமும் ராணியும் இரு யானைகளும் இருந்தன.

கறுப்புக்கு எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. அதன் ஏ-7, சி-5 சிப்பாய்கள் இரண்டும் பக்கத்துணை இல்லாமல் தனித்து நின்றன. வெள்ளை அவற்றை மெல்ல மெல்லக் கடிக்கப் பார்க்கும். கறுப்பின் பலம், இப்போது சாலை கிடைத்துவிட்ட அந்த மந்திரி.

பத்தொன்பதாவது நகர்த்தலில்தான் அது முதன்முதலாக அசைந்தது. பி-7க்கு வந்தது. பிறகு ஏ-6. அங்கிருந்து டி-3க்குப் போய் வெள்ளை ராணியை விரட்டிவிட்டு மீண்டும் ஏ-6. மறுபடி பி-7. வெள்ளைக் குதிரை ஏ-5க்கு வந்து மிரட்டியதும், இருபத்தெட்டாவது நகர்த்தலில் ஏ-8 மூலைக்கே ஒதுங்கியது. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இந்த இடத்தில், "பாவம், மூலைக்கே துரத்திட்டாங்க" என்றாள். பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே அது பதுங்கியிருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

வெள்ளைக் குதிரை சி-4க்குத் திரும்பியது. ஆனந்த் ஈ-5 என்று சிப்பாயைத் தள்ளினார். ஆட்டத்தின் தொடக்கத்தில் மந்திரியை அடைத்து நின்ற அதே ஈ-6 சிப்பாய்தான் அது. டோபலோவ் ஈ-4 என்று பதிலளித்து நீண்ட குறுக்குக்கோட்டை அடைக்கப் பார்த்தார். ஆனந்த் எஃப்-5 என்று அந்த அடைப்பை உடைக்கச் சிப்பாயை அனுப்பினார். டோபலோவ் அதை வெட்டினார். உடனே ஈ-4 என்று கறுப்புச் சிப்பாய் முன்னேறியது. அதையும் எஃப்-3 சிப்பாயால் வெட்டினார். வெற்றிக்கு அவசரப்பட்டவரின் பிழைகள் இந்த இரு வெட்டுகள் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். முப்பத்திரண்டாவது நகர்த்தலில் கறுப்பு ராணி ஈ-4இல் வெட்டி செக் சொன்னது. ஜி-2இல் நின்ற வெள்ளை ராஜாவின் நேரே ராணி. ராணிக்குப் பின்னால், அதே கோட்டின் கோடியில், ஏ-8இல் மந்திரி.

அதன் பிறகு வெள்ளை ராஜாவுக்கு நிம்மதி இல்லை. எச்-3, எச்-4 என்று திறந்த வெளிக்குத் துரத்தப்பட்டது. நாற்பத்தைந்தாவது நகர்த்தலில் கறுப்பு யானை துணிந்து ஜி-2இல் போய் செக் சொல்லி நின்றது; ஏ-8 மந்திரிதான் அதற்குக் காவல். வெள்ளை ராணி யானையை வெட்டியது. மந்திரி மூலையிலிருந்து புறப்பட்டு ராணியை வெட்டியது. ராஜா மந்திரியை வெட்டியது. மிஞ்சியது கறுப்பு ராணிக்கு எதிராக ஒரு யானையும் ஒரு குதிரையும். ஐம்பத்தாறாவது கறுப்பு நகர்த்தலுக்குப் பின் டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறரைக்கு ஐந்தரை.

இந்தத் தற்காப்பில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. வெள்ளை தொடக்கத்திலேயே சி-4 சிப்பாயால் டி-5இல் வெட்டிவிட்டால், லாஸ்கரின் வழி வராது. ஆனால் நம் ஈ-6 சிப்பாயும் டி-5க்கு நகர்ந்துவிடுவதால் மந்திரியின் வாசல் அப்போதே திறந்துவிடும். வெள்ளை ஈ-4 என்று ஆட்டத்தைத் தொடங்கினாலோ இந்தத் தற்காப்பே பொருந்தாது. அதற்கு சி-6, டி-5 என்று ஆடும் காரோ-கான் தற்காப்பை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அதில் இந்த மந்திரி பெரும்பாலும் முன்னதாகவே வெளியே வந்துவிடும் என்பது ஒரு வசதி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: விரைவில் வெல்ல வேண்டும் என்ற பரபரப்பு உள்ளவர்களுக்கு லாஸ்கர் தற்காப்பு சலிப்பூட்டும். சமநிலையில் முடியும் ஆட்டங்கள் இதில் அதிகம். எங்கள் கருத்தில், கறுப்பு என்றாலே நடுங்கும் பிள்ளைக்கு அரைப் புள்ளி என்பது சிறிய பரிசில்லை.

கதவோரம் நின்ற பையன் இந்த ஆட்டத்தின் நடுவில் எப்போது பலகையருகே வந்து உட்கார்ந்தான் என்று நாங்கள் கவனிக்கவில்லை. முடிந்ததும் அவன் கேட்டது இதுதான்: "பதினெட்டு நகர்த்தல் வரைக்கும் அந்த மந்திரி அசையவே இல்லையே ஐயா, அவரு மறந்துட்டாரா?" பதில் சொல்லாமல் பி-6, சி-5 இரண்டையும் மறுபடி வைத்துக் காட்டினோம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காய்களைத் தொடக்க நிலைக்கு அடுக்கினான். பலகையைத் திருப்பிக் கறுப்பைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

நேயர்களே, நீங்களும் இந்த ஆட்டத்தை அடுக்கிப் பாருங்கள். கறுப்பின் இருபத்தெட்டாவது நகர்த்தலுக்குப் பின், மந்திரி ஏ-8 மூலையில் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். வெள்ளைக்கு சி-4 குதிரை நகர்த்தலை ஆடிக் கொடுத்துவிட்டு, கறுப்புக்கு என்ன ஆடலாம் என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஈ-5ஐ உடனே சொல்லிவிட வேண்டாம்.